நிலம் வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா? சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு கணக்கு

போன பொங்கலன்று அப்பா கேட்டார்: "ஏன்டா, இருபது வருஷத்துக்கு மேல கம்ப்யூட்டர்ல வேலை செய்யற. ஒரு ஏக்கர் நெலம் வாங்க முடியலயா உன்னால?"

கேள்வி சாதாரணமாத்தான் வந்தது. ஆனால் அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1988-லிருந்து 2006 வரை, பதினெட்டு வருஷம், சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், ஆப்பூர் மலை தெரிகிற தூரத்தில், அப்பா இரண்டு ஏக்கர் குத்தகைக்கு உழுதார். சொர்ணவாரி, சம்பா இரண்டு போகமும் நெல். கிணற்றில் தண்ணீர் நின்ற வருஷங்களில் நவரையும் உண்டு. என் பி.இ. படிப்புச் செலவில் பாதி அந்த நிலத்திலிருந்து வந்தது. 2006-ல் நிலத்துக்காரர் விற்றுவிட்டார். இப்போது அங்கே கல்தூணும் முள்கம்பியும், உள்ளே சீமைக்கருவேலமும் இருக்கு. பதினெட்டு வருஷத்துக்கு அப்பா கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அதனால் அப்பாவுக்கு இந்த விஷயத்தில் ஒரே முடிவுதான்: விவசாயம் செய்யணும்னா நிலம் சொந்தமா இருக்கணும். எனக்கும் வீட்டுக்குத் தேவையான அரிசி, காய்கறி, நாலு தென்னை என்று ஒரு சின்னக் குடும்பப் பண்ணை ஆசை ரொம்ப நாளா உண்டு. ஆனால் எக்செல் திறந்து கணக்குப் போட்டால் அது வேற பதில் சொல்லுது. இரண்டில் எது சரி என்று ஒரு வருஷமா படித்தும் விசாரித்தும் பார்த்ததன் குறிப்புகள் இவை.

முதலில் கணக்கு

ஒரு ஏக்கர் நஞ்சை எடுத்துக்குவோம். எங்க பக்கம் சுமாரான வருஷத்தில் ஒரு போகத்துக்கு 75 கிலோ மூட்டையில் 25 மூட்டை வரும்னு அப்பா சொல்கிறார். அதாவது 1,875 கிலோ. 2025-26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையும் சேர்த்து சாதா ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் தருகிறது. அப்போ ஒரு போகத்தின் மொத்த மதிப்பு 46,875 ரூபாய். இது வரவு மட்டும்தான். உழவு, நாற்று, ஆள்கூலி, உரம், அறுவடை இயந்திரம் எல்லாம் இதிலிருந்துதான் போகணும்.

இதில் நிலத்துக்கான பங்கு எவ்வளவு? தமிழ்நாட்டில் இதுக்குச் சட்டமே இருக்கு. 1956-ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டம் முதலில் நஞ்சைக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்று வைத்திருந்தது. பிறகு திருத்தி 25 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்தக் கால் பங்கை எடுத்துக்கொண்டால் போகத்துக்கு ஏறத்தாழ 11,700 ரூபாய், இரண்டு போகத்துக்கு 23,400.

இப்போ விலை. ஒரகடம் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு ஏக்கருக்கு என்னிடம் சொன்ன விலை 1 கோடியே 20 லட்சம். மதுராந்தகம் ஏரியைத் தாண்டி, பஸ் குறைவாக வரும் ஒரு ஊரில் சொன்ன விலை 30 லட்சம். இவை எனக்குச் சொன்ன விலைகள். உங்களுக்கு வேற சொல்லலாம், கணக்கு முறை மாறாது.

1 கோடியே 20 லட்சத்தை 23,400-ஆல் வகுத்தால் 512 வருகிறது. அதாவது அந்த நிலத்தின் விலை அதன் 512 வருஷக் குத்தகைக்குச் சமம். மதுராந்தகம் பக்கத்து நிலம் 128 வருஷக் குத்தகைக்குச் சமம். அதே பணத்தை வங்கியில் ஆறரை சதவீத வைப்பு நிதியில் போட்டால் முதல் நிலத்தின் பணம் வருஷத்துக்கு 7 லட்சத்து 80 ஆயிரம் தரும், இரண்டாவது 1 லட்சத்து 95 ஆயிரம்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது பத்திரச் செலவுதான். முத்திரைத் தீர்வையும் அதன் மேல்வரியும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் ஒரகடம் பக்கத்து நிலத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம் ஆகும். அந்தப் பதிவுச் செலவை மட்டும் வைத்து அதே நிலத்தை 46 வருஷம் குத்தகைக்கு உழலாம். எனக்கு இப்போ நாற்பத்தைந்து. தொண்ணூற்றொன்று வரைக்கும் உழலாம்.

அந்த விலை எதுக்கு?

இப்படி ஒரு பொருளின் விலையும் அதன் வாடகையும் ஒட்டவே இல்லைன்னா, நாம இரண்டு வேறு பொருளைப் பார்க்கிறோம்னு அர்த்தம். குத்தகைத் தொகை மண்ணும் தண்ணீரும் தருகிற விளைச்சலைச் சொல்லுது. விற்பனை விலை பத்து, இருபது வருஷத்தில் அந்த இடம் என்னவாக ஆகும் என்ற எதிர்பார்ப்பைச் சொல்லுது.

எங்க பக்கம் அந்த எதிர்பார்ப்பு எப்படி வளர்ந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1990-களின் கடைசியில் மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். நடுவில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. நோக்கியா 2014-ல் மூடியது, ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. அதுக்கெல்லாம் நிலத்து விலை பெரிசா அசைந்த மாதிரி தெரியவில்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரிவாக்கும் அரசாணை வந்தது. "இனிமே எல்லாம் சிட்டிதான் சார்" என்று தரகர் சொல்வதற்கு ஒரு காரணம் கூடுதலாகக் கிடைத்தது.

இதோடு வருமான வரியும் சேரும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு (மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டர்) அப்பால் உள்ள கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியும் கிடையாது. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடையும் இல்லை. மகாராஷ்டிராவில் விவசாயி என்று நிரூபிக்கணும். கர்நாடகத்திலும் 2020 வரை அப்படித்தான் இருந்தது. ஆக, உழ நினைப்பவன் இங்கே சேமிப்பைப் பத்திரமாக வைக்க நினைக்கிற ஆயிரம் பேரோடு போட்டி போட்டு நிலம் வாங்கணும். அந்த ஆயிரம் பேரில் பாதி என்னை மாதிரி ஐ.டி. ஆட்கள்தான், அதையும் ஒத்துக்கணும்.

"விலை ஏறுமே, லாபம்தானே?" என்று கேட்பீங்க. ஏறலாம். ஆனால் அது மனை முதலீட்டின் லாபம். அதுக்கு நெல் நடத் தேவையில்லை, வேலி போட்டாலே போதும். சாலையோரம் பார்த்தால் அப்படித்தான் கிடக்கு.

அப்போ குத்தகைதான் சரியா?

எக்செல் அப்படித்தான் சொல்லும். எங்க தொழிலில் சொந்தமாக சர்வர் வாங்காமல் கிளவுடில் வாடகைக்கு எடுக்கிறோம், யாரும் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. ஆனால் அங்கே வாடகை ஒப்பந்தத்தை நம்பலாம். நாளைக் காலையில் "சர்வரை வித்துட்டேன், சாயந்தரத்துக்குள்ள காலி பண்ணு" என்று யாரும் சொல்ல மாட்டாங்க.

அப்பா கதைக்கு வரேன். அவர் குத்தகை வாய்மொழி. ஒவ்வொரு ஆடியிலும் "இந்த வருஷமும் நீயே பாத்துக்கோ" என்பதுதான் ஒப்பந்தம். பதினெட்டு வருஷத்தில் அவர் அந்த நிலத்தில் போட்டதைப் பட்டியல் போட்டேன். கோடையில் ஏரி வண்டல் அடித்தது. மேட்டுப் பக்கத்தைச் சமன் பண்ணியது. ஆடு கிடை போட்டது. வரப்பில் அகத்தி. கிணற்றைத் தூர் வாரியது இரண்டு தடவை. இதெல்லாம் நிலத்துக்குள் போன பணம், அதை வெளியே எடுக்க முடியாது. 2006-ல் நிலத்துக்காரர் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார். நின்ற பயிரை அறுக்கவிட்டார், கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார். அப்பாவுக்கு அவர்மேல் இன்றைக்கும் வருத்தம் இல்லை.

அவர் போடாமல் விட்டதையும் கேட்டேன். போர் போடவில்லை. தென்னை வைக்கவில்லை. "அடுத்தவன் நெலத்துல தென்ன வெச்சா, காய் யாருக்குடா?" இந்த ஒரு வரியில் குத்தகையின் முழுப் பொருளாதாரமும் இருக்கு. எத்தனை வருஷம் நிலம் கையில் இருக்கும்னு தெரியாதவன், அந்த வருஷத்துக்குள் திரும்பி வருகிற செலவை மட்டும்தான் செய்வான். நிலம் மெலியும்.

இன்னும் இருக்கு. இலவச விவசாய மின் இணைப்பு நிலத்துக்காரர் பேரில்தான் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கச் சிட்டா, அடங்கல் கேட்பாங்க. பிரதமர் கிசான் திட்டத்தின் வருஷம் 6,000 ரூபாய் நிலம் பேரில் உள்ள குடும்பத்துக்கு மட்டும். பயிர்க் காப்பீடு குத்தகைதாரருக்கும் உண்டு என்று விதி சொல்லுது, ஆனால் குத்தகைக்கு எழுத்தில் ஆதாரம் வேணும். வாய்மொழிக் குத்தகைக்காரர் அரசாங்கக் கணக்கில் விவசாயியே இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் அதிர்ச்சி. சட்டம் அப்பா பக்கம்தான் இருந்தது.

1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பைப் போட்டு அடுத்தவர் நிலத்தைச் சாகுபடி செய்பவரைக் குத்தகைதாரர் என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும்னு இல்லை, நடப்பிலிருந்து தெரிந்தாலே போதும். குத்தகை ஒழுங்காகக் கொடுக்கும்வரை அவரை வெளியேற்ற முடியாது. 1969-ல் வந்த இன்னொரு சட்டம் குத்தகை உரிமைக்குத் தனிப் பதிவேடு வைக்கச் சொன்னது. அதில் பேர் ஏறியிருந்தால் நிலத்தை யார் வாங்கினாலும் அப்பா அங்கேயே இருந்திருக்கலாம்.

"ஏன் பதிவு பண்ணலை?" என்று கேட்டேன். "மொத வருஷமே போய் பதிவு பண்ணியிருந்தா, ரெண்டாவது வருஷம் நெலம் குடுத்திருப்பாரா?" என்றார்.

இதுதான் முடிச்சு. குத்தகைதாரரைக் காப்பாற்ற வந்த சட்டத்தின் பலம் தெரிந்த நிலத்துக்காரர் எழுதித் தருவதே இல்லை. ஒரே ஆளிடம் தொடர்ந்து விடவும் பயப்படுகிறார். சிலர் தரிசாகவே போட்டுவிடுகிறார்கள். பயந்த காலமும் உண்மை, பாதுகாப்பு கிடைத்தவர்களும் உண்மை. காவிரி டெல்டாவில் சங்கம் வைத்துப் போராடி இந்தச் சட்டங்களால் நிலைத்தவர்கள் ஏராளம். ஆனால் எங்க மாதிரி மனை விலை ஏறுகிற இடத்தில், சட்டம் தாளில் ஏறிய அளவுக்குக் குத்தகை தாளிலிருந்து இறங்கிவிட்டது.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? கேரளம் 1963 நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் புதுக் குத்தகையையே தடை செய்தது. ஆனாலும் அங்கே குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் நிலம் எடுத்துச் சாகுபடி செய்கின்றன. ஆந்திரம் 2019-ல் நில உரிமையைத் தொடாமல், சாகுபடி செய்பவருக்கு 11 மாத அட்டை கொடுக்கும் சட்டம் போட்டது. அந்த அட்டையை வைத்துக் கடனும் காப்பீடும் கேட்கலாம். நிதி ஆயோக் 2016-ல் ஒரு மாதிரிக் குத்தகைச் சட்டம் வெளியிட்டது. பிரான்சில் விவசாயக் குத்தகை குறைந்தது 9 வருஷம், அதுக்குமேல் புதுப்பிக்கும் உரிமையும் உண்டு. அமெரிக்காவில் விவசாய நிலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் வாடகை நிலம். குத்தகை என்றாலே நிலையில்லாதது என்று ஒன்றும் விதி இல்லை. நம்ம ஊரில் அது அப்படி ஆகியிருக்கு.

உள்குடி, பரகுடி

இந்தக் கேள்வி எங்க மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. திருக்குறளை மொழிபெயர்த்த எல்லீசன் என்கிற எல்லிஸ் துரையைத் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அவர் மிராசு உரிமை பற்றிய கேள்விகளுக்கு எழுதிய நீண்ட பதில் 1818-ல் அச்சானது. தொண்டை மண்டலத்து நில உரிமையை அதில் விரிவாகப் பேசுகிறார். காணியாட்சிக்காரர்கள் என்ற மிராசுதாரர்களுக்கு நிலத்தை விற்க, அடமானம் வைக்க உரிமை. அவர்களுக்குக் கீழே உழுகிற பாயகாரிகள் இரண்டு வகை. ஊரிலேயே குடியிருக்கும் உள்குடிப் பாயகாரிக்கு வாரம் கொடுக்கும்வரை பரம்பரையாக உழும் உரிமை உண்டு, ஆனால் விற்க முடியாது. வெளியூரிலிருந்து வரும் பரகுடிப் பாயகாரிக்குப் பேசிய காலத்துக்கு மட்டும்தான்.

இதைப் படித்ததும் அப்பாதான் ஞாபகம் வந்தார். உழைப்பில் அவர் உள்குடி, உரிமையில் பரகுடி. வாங்குவது, குத்தகை என்று நாம இரண்டாகப் பிரிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் "விற்க முடியாது, ஆனால் வெளியேற்றவும் முடியாது" என்ற ஒரு படி இருந்திருக்கு. சின்னப் பண்ணைக்குத் தேவை அந்தப் படிதான்.

அந்தப் பழைய முறையைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. இந்தப் படிகளுக்கெல்லாம் கீழே, சேற்றில் இறங்கி வேலை செய்த தலித் படியாட்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் அவர்கள் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல் வந்ததுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷம் விற்கக் கூடாது, அதன் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அதில் நிறைய கை மாறிப்போனது. 1994-ல் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மேல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். இங்கே நிலம் வாங்குகிறவருக்கு இது பழங்கதை இல்லை. கீழே திரும்பவும் வரும்.

பயிருக்கு எத்தனை வயசு?

இதுவரைக்கும் படித்ததில் எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்று. "வாங்கலாமா?" என்று தொடங்காமல், "நான் செய்ய நினைக்கிற விவசாயத்துக்கு எத்தனை வருஷம் நிலம் கையில் இருக்கணும்?" என்று தொடங்கணும்.

கீரை ஒரு மாசம். கத்தரி, வெண்டை ஒரு பருவம். நெல் நாலு, ஐந்து மாசம். இதுக்கெல்லாம் ஒரு வருஷக் குத்தகையே போதும். செடிமுருங்கை நட்ட ஆறேழு மாசத்தில் காய்க்கும், மறுதாம்பு விட்டால் மூணு வருஷம். எலுமிச்சை, ஒட்டு மா பலனுக்கு வர மூணு நாலு வருஷம், அதனால் பத்து வருஷமாவது வேணும். தென்னைக்கு ஐந்தாறு வருஷம் காத்திருந்து, பிறகு ஒரு தலைமுறை. தென்னையும் மாவும்தான் உங்க பண்ணை என்றால் சொந்த நிலம் வேணும், அப்பா சொல்வது சரி. நெல்லும் காய்கறியும் என்றால் ஐந்து வருஷ எழுத்துக் குத்தகை போதும்.

மண்ணைத் தேற்றுவதும் வயசுக் கணக்கில் சேரும். ரசாயனம் போட்டுப் பழகிய நிலத்தைத் தொழுவுரமும் பசுந்தாளும் போட்டு மாற்ற மூணு வருஷமாவது ஆகும்னு செய்தவர்கள் சொல்கிறார்கள். மூணாவது வருஷக் கடைசியில் நிலம் கையை விட்டுப் போனால், தேற்றியது அடுத்தவருக்கு.

எழுதுவது எப்படி?

1908 பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு பண்ணணும். அதனால்தான் எல்லாரும் 11 மாசம் எழுதுகிறார்கள். ஆனால் பதிவு பண்ணுவதில்தான் நமக்கு லாபம். பதிவான குத்தகை வில்லங்கச் சான்றில் ஏறும். நிலத்துக்காரர் நடுவில் விற்றாலும், வாங்குகிறவர் அந்தக் குத்தகையோடுதான் வாங்குகிறார். அப்பாவிடம் 2006-ல் இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான்.

இன்னொரு நுணுக்கம். 1955 சட்டம் சொந்த உடலுழைப்பு கேட்கிறது. வாரக் கடைசியில் வந்து, ஆள் வைத்து வேலை வாங்குகிற என்னை மாதிரி ஆள் அந்தப் பாதுகாப்புக்குள் வருவது கஷ்டம். நிலத்துக்காரருக்கு இது ஆறுதல், எனக்கு எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் என்ன எழுதினேனோ அது மட்டும்தான் எனக்குக் கவசம். அதனால் நாலு விஷயம் எழுத்தில் வேணும்: எத்தனை வருஷம், கிணறும் மின் இணைப்பும் யார் பொறுப்பு, நான் போட்ட வேலி, சொட்டு நீர்க் குழாய், மரம் முடிவில் யாருக்கு, நடுவில் விற்றால் நின்ற பயிருக்கும் செய்த செலவுக்கும் என்ன.

வாங்கித்தான் ஆகணும்னா

வாங்குவதே உங்களுக்குச் சரி என்று தோன்றினால், எங்க பக்கத்துக்கு இந்த ஐந்தைச் சொல்வேன்.

1. இப்போதைய பட்டாவை மட்டும் நம்பாதீங்க. 1980-களில் நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்பில் பேர், பரப்பு, வகைப்பாடு மாறிப்போனது நிறைய. அதுக்கு முந்தைய 'அ' பதிவேட்டைத் தேடிப் பாருங்க. பஞ்சமி, பூமிதானம், கோயில் இனாம், அனாதீனம் எல்லாம் அங்கேதான் தெரியும். பஞ்சமி நிலம் என்று தெரிந்தால் விலகிவிடுங்க. வழக்குக்குப் பயந்து மட்டும் இல்லை, அது வேறு ஒருவருக்குச் சேர வேண்டிய நிலம்.

2. குறைந்தது 30 வருஷ வில்லங்கம், தாய்ப்பத்திரம், புலப்படம். புலப்படத்தோடு போய் நிலத்தை அளந்து பாருங்க. இங்கே காணிக் கணக்கும் இன்னும் புழங்குது. ஒரு காணி 132 சென்ட், ஒரு ஏக்கர் 100 சென்ட். பேசும்போது எதுன்னு தெளிவாக் கேட்டுக்கணும்.

3. இப்போ யார் உழுகிறார்கள்? அவரிடம் நேரில் பேசுங்க. உங்க கிரயத்தால் வெளியே போகப்போவது இன்னொரு அப்பாவாக இருக்கலாம்.

4. வழியும் தண்ணீரும். வண்டிப்பாதை பத்திரத்தில் இருக்கா, ஏரியின் எந்த மதகுப் பாசனம், மே மாசத்தில் கிணறு எப்படி இருக்கு. ஐப்பசியில் போய்ப் பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.

5. சொந்தம் என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த ஊர்கள் சுற்றிலும் இருக்கு. 2022-ல் அறிவித்த பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்தில் போராடியவர்களில் பட்டா வைத்திருப்பவர்களும் உண்டு. கையகப்படுத்தும் அறிவிப்பு உண்டா என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீங்க.

நான் செய்யப்போவது

இரண்டு முடிவையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டேன். சேமிப்பை எங்கே வைப்பது என்பது ஒரு கேள்வி, எங்கே உழுவது என்பது வேற கேள்வி. இரண்டையும் ஒரே ஏக்கரில் போட்டதால்தான் இத்தனை நாள் எதுவும் நடக்கவில்லை.

மதுராந்தகம் பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு ஏக்கர் இருபது சென்ட், கிணறு உண்டு, மூணு வருஷமா தரிசு. ஐந்து வருஷத்துக்குப் பதிவுக் குத்தகை கேட்டிருக்கேன், வருஷம் 15,000 ரூபாய். முதலில் தயங்கினார். ஒப்பந்தத்தில் முடிவுத் தேதியைத் தெளிவாக எழுதி, நான் ஆள் வைத்துத்தான் சாகுபடி செய்வேன் என்பதையும் சேர்க்கலாம் என்றதும் "வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார். கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லியிருக்கார். தை முடிவதற்குள் பதிவு.

இந்த ஐந்து வருஷத்தில் நான் உண்மையிலேயே உழுகிற ஆளா, ஆசைப்படுகிற ஆளா என்பது தெரிந்துவிடும். உழுகிற ஆள் என்று தெரிந்தால் அப்போ வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் மனை விலை எட்டாத தூரத்தில். தெரியாமலே 30 லட்சம் போட்டு வேலி அடித்தால், கருவேலம் வளர்ப்பவர்கள் பட்டியலில் நானும் ஒருவன்.

அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. வாங்காமல் குத்தகைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அப்புறம் கேட்டார்: "அஞ்சு வருஷம்னு எழுதியே குடுக்கறாரா?"

"ரெஜிஸ்டர் பண்ணித் தரார்ப்பா. வில்லங்கத்துல ஏறும்."

"எனக்கு அப்படி யாரும் சொல்லலியே" என்றார். பிறகு கிணறு எந்த மூலையில் இருக்கு, மேடு எந்தப் பக்கம் என்று கேட்க ஆரம்பித்தார். வர ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிப் போய்க் காட்டணும்.